முழங்கையில் என் பெயர்

தொண்ணூறுகளின் நடுவில், அல் ஐனிலிருந்து பாலைவனத்துக்குள் வெகுதூரம் தள்ளியிருந்த ஒரு எண்ணெய்க் கிணற்று கேம்ப்பில் நான் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். ராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். என் ரூமில் இருந்த சமையல்காரரும் எங்கள் ஊர்தான். வயதில் மூத்தவர் என்பதால் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற முறையில், அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒருநாள் மூன்றாவது கட்டிலுக்கு ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். குட்டையான உருவம், உருண்டு திரண்ட கால்கள், சுருள்முடி. பப்புவா நியூ கினி என்றான். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் தீவாம். அவர்கள் மலையிலும் எண்ணெய் எடுக்கத் தொடங்கியிருந்ததால், வேலை பழகி வர இங்கே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்கள் மனிதக்கறி சாப்பிடுவார்கள் என்று காக்காவிடம் யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் அவர் தலைமாட்டில் டார்ச் லைட்டோடுதான் படுத்தார். நான் சிரித்தேனே தவிர, கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளத் தவறவில்லை.

பிறகு பழகிவிட்டோம். உடைந்த இந்தியும் உடைந்த இங்கிலீஷுமாக அவன் ஊரைப் பற்றிச் சொல்வான். ஊருக்கு ரோடு கிடையாது. மலைச்சரிவில் புல்லைச் செதுக்கி ஒரு ஓடுதளம். அதில் சின்ன விமானம் வந்து இறங்கும். மேகம் மூடிவிட்டால் அதுவும் வராது. இறங்கிய பிறகு காட்டு வழியாக நடை. மூன்று வேளையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வட்டமான புல்வீடு, நடுவில் நெருப்பு, வீடு முழுக்கப் புகை. எப்போதும் மழை, ராத்திரியானால் எலும்பைக் கடிக்கும் குளிர். பிரசவ வலி வந்தால் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். அவன் அக்கா அப்படிப் போகிற வழியிலேயே இறந்துபோனாளாம். இதையெல்லாம் நம்மூரில் மழை பெய்ததைச் சொல்வதுபோல அலட்டாமல் சொல்வான். கேட்கிற எங்களுக்குத்தான் உச்சுக்கொட்டி வாய் வலிக்கும்.

அடுத்த வருடம் அவனுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் லீவு வந்தது. கல்ஃபில் இருந்தவர்களுக்குப் பெட்டி கட்டுவது என்றால் என்னவென்று தெரியும். ஆறு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடும். பால்பவுடர், தைலம், சென்ட், எல்லாவற்றுக்கும் மேலே உம்மாவுக்காக அல் ஐன் கடைத்தெருவில் வாங்கிய, புலிப்படம் போட்ட புதுக் கம்பளி. மூடி சேரவில்லை. அவன்தான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து அழுத்த, நான் கயிறு கட்டினேன்.

அவனிடம் ஒரு பை மட்டும்தான் இருந்தது. காக்காவுக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம், உடுத்துணி இல்லாத ஊரு போலருக்கு. நம்ம பழசு பட்டையக் குடுத்தா அதுவும் புண்ணியந்தானே தம்பி" என்றார்.

ஸ்டோரிலிருந்து ஒரு காலி அட்டைப்பெட்டியை எடுத்து மெஸ் வாசலில் வைத்தேன். ஆளாளுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். பட்டன் போன சட்டை, கிரீஸ் கறை போகாத கவரால் வேலை உடுப்பு, வாய் கிழிந்த ஷூ. காக்கா முழங்கால் வெளுத்த ஒரு பேண்ட் போட்டார். நான் என் பழைய கம்பளியைப் போட்டேன். இஸ்திரிப் பெட்டி பட்டு நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பொசுங்கி ஓட்டை விழுந்திருந்தது. எப்படியும் குப்பைக்குப் போக வேண்டியதுதான்.

அவன் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றான். யார் எதைப் போட்டாலும் பெயரைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, தன் உடம்பில் ஓர் இடத்தைத் தொட்டான். சுண்டுவிரலில் தொடங்கி விரல்கள், உள்ளங்கை, மணிக்கட்டு என்று மேலே ஏறினான். அவர்கள் ஊரில் எண்ணிக்கை அப்படித்தானாம். நான் அவனுடைய முழங்கை. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சாயங்காலம் வரை ஒருவரையொருவர் தோள்பட்டையே, கட்டைவிரலே என்று கூப்பிட்டுக் கேலி செய்தோம்.

லீவு முடிந்து நான் திரும்பினேன். கொஞ்ச நாள் கழித்து அவனும் ஒரு பெரிய சாக்குமூட்டையோடு வந்து சேர்ந்தான். அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுது, பிரியாணி சாப்பிட்டு எழுந்தவர்களைப் போகவிடாமல் மெஸ்ஸுக்கு வெளியே நிழலில் வரிசையாக உட்காரச் சொன்னான். மூட்டையை அவிழ்த்து, ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பையை வைத்தான். மரப்பட்டை நாரைத் தொடையில் வைத்துத் திரித்து, கையாலேயே கண்ணி கண்ணியாகப் பின்னிய பைகள். சிவப்பும் கறுப்புமாகக் கோடுகள். அவர்கள் ஊர்ப் பெண்கள் இதை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக் கிழங்கும் சுமப்பார்களாம், பிள்ளையையும் தூங்க வைப்பார்களாம். ஒரு பை பின்ன வாரக்கணக்காகும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

பிறகு வரிசைக்கு முன்னால் அங்குமிங்கும் நடந்துகொண்டே அவன் பாஷையில் உரத்த குரலில் பேசினான். உடம்பைத் தொட்டுத் தொட்டு எங்கள் பெயர்களைச் சொன்னான். முழங்கையைத் தொட்டபோது என் பெயர் வந்தது. கேம்ப்பை விட்டுப் போய்விட்டவர்கள் பெயரையும் விடவில்லை. அவர்களுக்கும் பை இருந்தது.

பேசி முடித்து, எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினான். அவர்கள் ஊரில் ஒருவர் கொடுத்தால் வாங்கியவர் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்கே தலைகுனிவு. எங்கள் பொருட்களை ஊர் மைதானத்தில் வரிசையாகப் பரப்பி, அக்கம்பக்கத்து ஊர்களையெல்லாம் கூட்டி, இன்னார் இன்னது கொடுத்தார் என்று பெயர் சொல்லி அறிவித்திருக்கிறான். அதாவது, ஒரு மலை முழுக்கக் கேட்கும்படி என் பெயரைச் சொல்லி, அந்த ஓட்டைக் கம்பளியைக் காட்டியிருக்கிறான்.

எனக்குக் காது சூடாகியது. அவன் அதைக் கவனிக்காமல் தொடர்ந்தான். முறைப்படி திருப்பித் தர வேண்டியது பன்றிதானாம். ஆளுக்கொரு பன்றியை எங்கள் பேரில் கட்டிப் போட்டுவிட்டார்கள். காக்கா மெதுவாக "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டார். நாங்கள் பன்றியைத் தொடமாட்டோம் என்று இவன் ஊரில் சொன்னதும், அப்படியானால் நம் மானம் என்னாவது என்று ஒருநாள் முழுக்கப் பஞ்சாயத்து. கடைசியில் பெண்கள்தான் நாங்கள் பை பின்னித் தருகிறோம் என்று முன்வந்தார்களாம்.

எல்லோர் பையையும்விட என்னுடையது பெரியதாக இருந்தது. ரூமுக்கு வந்ததும் ஏன் என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அது எங்கம்மா பின்னுனது, பாய். கம்பளியில ஓட்டையப் பாத்துட்டு, பாவம், அந்த ஆளுகிட்ட இது ஒண்ணுதான் இருந்துச்சான்னு கேட்டாங்க. இதையும் குடுத்துட்டு அவரு எதப் போத்திக்குவாருன்னு அழுதாங்க."

"நீ என்ன சொன்ன?"

அவன் கொஞ்சநேரம் தன் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான் இருந்துச்சுன்னு சொன்னேன்."

புலிக் கம்பளி இருந்த பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து மூடியை அழுத்தியவன் அவன். எல்லாம் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, என் பெயர் அவன் ஊரில் கெட்டுவிடக் கூடாது என்று பெற்ற தாயிடம் பொய் சொல்லியிருக்கிறான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தொழப் போவதாகச் சொல்லி வெளியே வந்து, தொழவும் முடியாமல், ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். புகை மண்டிய புல்வீட்டுக்குள் கிழங்கு தின்று வாழும் ஒரு அம்மா, கல்ஃபில் சம்பாதிக்கிற எனக்காகப் பரிதாபப்பட்டு அழுதிருக்கிறாள். அன்றைக்குப் பட்ட வெட்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

இனி முறை என்னுடையது, அவசரமில்லை, தங்கள் ஊரில் வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள் என்று அவன் சொன்னான். அடுத்த முறை அல் ஐன் போகும்போது அவன் அம்மாவுக்கு நல்ல கம்பளி வாங்க நினைத்திருந்தேன். அதற்குள் என்னை வேறு கிணற்றுக்கு மாற்றிவிட்டார்கள். நான் திரும்பி வந்து பார்ப்பதற்குள் அவன் பயிற்சி முடிந்து ஊருக்குப் போயிருந்தான். ரோடில்லாத ஊருக்கு என்ன விலாசம் எழுதுவது என்று சாக்குச் சொல்லியே வருடங்களை ஓட்டிவிட்டேன்.

இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அந்தப் பையில்தான் என் மனைவி மீனும் காய்கறியும் வாங்கி வருகிறாள், இன்னும் ஒரு கண்ணி அறுந்ததில்லை. பள்ளிவாசலிலிருந்து பழைய துணி கேட்டு வந்தால், எடுத்துப் போடப் போகிற கை தானாக நின்றுவிடுகிறது. ஒருமுறை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். எங்கோ ஒரு குளிர்ந்த மலையில், தன் முழங்கையைத் தொட்டு என் பெயரைச் சொல்லி, இருந்த ஒரே கம்பளியைக் கொடுத்தவர் என்று ஒருவன் இன்னமும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பான். அந்தக் கடன்தான், எத்தனை புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தாலும் எனக்குக் கடைசிவரை தீராது.