அனந்தகிரி வனபோஜனமும் ஒரு தேன்கூடும்

கார்த்திகை மாதத்தில் ஹைதராபாத்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குப் போய், நெல்லி மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவார்கள். வனபோஜனம் என்று பெயர். மதுரையிலிருந்து வந்து மூன்று வருடமாகியும் நாங்கள் போனதில்லை. 2008-இல் கணவரின் அலுவலக நண்பர்கள் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டோம். அதைப் பற்றி எழுதுவதை இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன். சின்னப் பிள்ளைகளோடு மலைக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இப்போது எழுதுகிறேன்.

ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து அனந்தகிரி மலை ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். குவாலிஸ் வாடகை டீசலோடு சேர்த்து இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். காலை ஆறரைக்குக் கிளம்பினால் வழியில் டிபன் முடித்துக்கொண்டு ஒன்பதரைக்குப் போய்விடலாம். கூப்பிட்ட நண்பர்களில் ஒருவரும் அவர் மனைவி சாரதா அக்காவும் எங்கள் வண்டியில் வந்தார்கள், மற்றவர்கள் வேறு வண்டியில். அக்கா செகந்திராபாத் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழர். என் மருந்துப் பையைப் பார்த்ததும், "பிக்னிக் போறியா, ஆஸ்பத்திரி திறக்கப் போறியா?" என்றார்.

காரணம் இல்லாமல் நான் தூக்கவில்லை. என் மகள் மீனுவுக்கு நான்கு வயது. முந்தைய வருடம் கட்டெறும்பு கடித்து முகமே வீங்கிவிட்டது. குழந்தை மருத்துவர் அப்போதே எச்சரித்திருந்தார். கடித்த இடம் மட்டும் வீங்கினால் பெரிதாகப் பயமில்லை. மற்ற இடங்களில் தடிப்பு, வாந்தி, குரல் மாறுவது, மூச்சு இழுப்பது என்று வந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

மலையில் இலை தெரியாமல் காய்த்த ஒரு நெல்லி மரம் கிடைத்தது. அதன் அடியிலேயே அடுப்பு மூட்டவேண்டும் என்பது வழக்கமாம். விறகு ஈரம். என் கணவர் முட்டி போட்டு விசிற விசிறப் புகை மேலேதான் போனது. பக்கத்து மரக்கிளையில் முறம் அளவுக்குத் தேன்கூடு தொங்கியதை யாரும் பார்க்கவில்லை.

இரைச்சல் கேட்டது. துப்பட்டாவால் மீனுவின் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினேன். எல்லாரும் அவரவர் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றினோம். மருந்துப் பை மரத்தடியிலேயே கிடந்தது. மீனுவின் கழுத்தில் இரண்டு, கையில் ஒன்று கொட்டியிருந்தது. கொடுக்குகளை நகத்தால் சுரண்டி எடுத்தேன்.

அக்கா வெற்றிலை டப்பாவிலிருந்து சுண்ணாம்பை எடுத்தார். "டென்ஷன் நக்கோ, டென்ஷனே வேண்டாம் சுதா. இதைத் தடவினா அடங்கிடும். அரை மணி பாக்கலாம்."

"பையில அலர்ஜி சிரப் இருக்குல்ல? போர்வையைப் போத்திக்கிட்டு ஓடிப் போய் எடுத்துட்டு வந்துர்றேன்," என்றார் கணவர்.

"வீரம்தான். அப்புறம் ரெண்டு பேரைத் தூக்கணும்," என்றார் அக்கா.

அப்போது மீனு, "அம்மா, கொந்து நொப்பி," என்றாள். தொண்டை வலிக்கிறதாம். பள்ளிக்கூடம் போனதிலிருந்து அவளுக்குத் தெலுங்குதான் வாயில் வரும். ஆனால் அது அவள் குரலாகவே இல்லை, கரகரவென்று இருந்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தேனீ தொடாத வயிறெல்லாம் தடிப்பு.

"சுண்ணாம்பும் வேண்டாம், சிரப்பும் வேண்டாம். வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

வயிற்றைப் பார்த்த அக்கா டப்பாவை மூடிவிட்டார். ஓட்டுநர் வண்டியை இறக்க, அக்கா 108-ஐ அழைத்துத் தெலுங்கில் பேசினார். ஆம்புலன்ஸ் மேலே வந்து திரும்புவதைவிட ஆறு கிலோமீட்டர் கீழே விகாராபாத்துக்கு நாங்களே போவது சீக்கிரம் என்றார்கள். வளைவுகளில் மீனு என்மேல் வாந்தி எடுத்தாள். இருமல் தொடங்கியது. அவளை நடக்கவிடாமல், மூச்சு விட வசதியாக மடியில் சாய்த்து வைத்து ஏதாவது பேசச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் சின்னதாகிக்கொண்டே வந்தது.

மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் இருமல் குறைந்தது. "ஆகலி," என்றாள். பசிக்கிறதாம். என் கணவர் திரும்பி நின்று அழுதார். அடங்கியது திரும்ப வரலாம் என்று இரவு முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சமைத்து எடுத்துப் போங்கள். காட்டில் புகை வேண்டாம். தேனீ துரத்தினால் அடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, வண்டிக்குள் போங்கள். கொடுக்கை எப்படியாவது உடனே எடுங்கள். நான் சொன்ன அறிகுறிகள் வந்தால் சிரப் போதாது, ஊசிதான் வேண்டும். மருந்துப் பையைக் கீழே வைக்காமல் உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். பக்கத்து மருத்துவமனை எங்கே என்று ஏறுவதற்கு முன்பே விசாரியுங்கள். முன்பே ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

நாங்கள் பேசினோம். "மலையை விட்டுடாதீங்க, தயாராப் போங்க," என்றார் குழந்தை மருத்துவர். பிப்ரவரியில் மறுபடி மலைக்குப் போனோம். மீனு அப்பாவோடு முன்னால் ஏறிவிட்டாள். எனக்கு மூச்சு வாங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தேன். மேலே எங்கேயோ இருந்து, "அம்மா, ரா!" என்று கூப்பிட்டாள். வா என்கிறாள், கரகரப்பே இல்லாத குரலில். பதில் சொல்லாமல் இருந்தேன், இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று.