ரிப்போர்ட் வாங்காத ட்வைலா

வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகளை அனுப்பும் ஏஜென்சியின் இணையப் பக்கத்தில் ட்வைலா பிராண்ட்வோல்டைப் பற்றி இப்படி எழுதியிருந்தது: "சாகச உள்ளம் கொண்ட செவிலியர். புதிய ஊர்கள், புதிய மனிதர்கள் என்றால் கொள்ளைப் பிரியம். எந்தச் சூழலுக்கும் புன்னகையோடு வளைந்து கொடுப்பவர்." பக்கத்தில் ஒரு பெண் மலையுச்சியில் கைகளை விரித்து நின்றாள். அது ட்வைலா அல்ல. ட்வைலாவுக்கு மலைப்பாதை என்றால் தலை சுற்றும். ஐம்பத்தெட்டு வயதுக்குள் சந்தித்த மனிதர்களே போதும் என்பது அவர் கருத்து. புன்னகை விஷயத்தில் சிக்கனம். வளைந்து கொடுக்க மாட்டார் என்பதற்காகவே மூன்று ஆஸ்பத்திரிகள் இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தன.

வடக்கு டகோட்டாவில் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்த வார்டை மூடிவிட்டார்கள். சரி, ஒரே ஒரு ஒப்பந்தம், பதின்மூன்று வாரம், வெளியூர் போய் வருவோம் என்று கிளம்பினார். அதற்குப் பிறகு பல வருடங்களாகப் பதின்மூன்று பதின்மூன்று வாரமாகவே வாழ்க்கை ஓடியது. குடியிருந்தது, ஊர் ஊராக இழுத்துப் போகும் ஒரு வண்டிவீட்டில். ஆனால் வீட்டை விட்டு வந்து வேலை பார்ப்பவர்களுக்கான படி கிடைக்க வேண்டுமென்றால், விட்டு வருவதற்கு ஒரு வீடு இருந்தாக வேண்டும் என்று வரிச்சட்டம் சொல்கிறது. அதனால் தம்பி வீட்டு நிலவறையில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துவந்தார். அங்கே தூங்கிய ராத்திரிகள் குறைவு. தூங்கவில்லை என்று காட்டத்தான் வாடகையே.

அந்தக் குளிர்காலம் நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில், ஹார்ட்வெல் என்ற சிற்றூரில். ஊர் நர்ஸுகளுக்குச் சம்பளம் கூட்டப் பணமில்லை என்று ஆஸ்பத்திரி நிர்வாகம் சொன்னது. அவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர்கள் கேட்டதைப் போல் இரண்டு மடங்கு கொடுத்து வெளியூர் நர்ஸுகளை வரவழைத்தார்கள். மிச்சமிருந்த ஊர்க்காரர்கள் இந்த அநியாயத்துக்காக நிர்வாகத்தைக் கோபிக்கவில்லை. ட்வைலாவைக் கோபித்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லோரும் ஆளுக்கொன்று சமைத்து வந்து கூடிச் சாப்பிடுவார்கள். ட்வைலாவிடமும் தவறாமல் சொல்லுவார்கள், அந்த நேரத்துக்கு வார்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கண்காட்சித் திடலில் நிறுத்தியிருந்த அவருடைய வண்டிவீட்டுக்கு அடுத்த வண்டிவீடு டெஸ்மண்ட் ஓக்ஸினுடையது. ஜார்ஜியாக்காரர், நாற்பத்தைந்து வயது, ராணுவத்தில் காயம் கட்டியவர். ஊர்சுற்றி நர்ஸாக இதுதான் முதல் ஒப்பந்தம். தண்ணீர்க் குழாய் உறைந்த ஒரு மத்தியானம், தலைமுடி உலர்த்தும் கருவியால் இருவரும் அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரிப்போர்ட் வாங்குறதுக்கு முன்னாடி, எத்தனை பேருன்னு மட்டும் கேளு," என்றார் ட்வைலா. "பேரு, நோவு எல்லாம் அப்புறம். பேரைக் கேட்டுட்டா மனசு இளகிடும். அப்புறம் நீ தொலைஞ்ச."

"மிஸ் ட்வைலா, நீங்க நர்ஸா வக்கீலா?"

"நர்ஸுதான். வக்கீலுக்குக் காசு அழக்கூடாதுன்னுதான் இதெல்லாம்."

"அப்ப அந்த மலை மேல நிக்கிறது வக்கீலா?"

"அவ நர்ஸு இல்லைங்கிறது மட்டும் நிச்சயம். முழுசாத் தூங்கி எழுந்த மூஞ்சி அது."

ட்வைலா சொன்னதில் விஷயம் இருந்தது. வேலை மாறும்போது, போகிற நர்ஸ் வருகிற நர்ஸிடம் எந்த அறையில் யார், என்ன நோய், என்ன மருந்து என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். அதுதான் ரிப்போர்ட். அதைக் கேட்கும்வரை நோயாளிகள் போகிறவருடைய பொறுப்பு. கேட்டுத் தலையாட்டிவிட்டால் உங்களுடையவர்கள். கேட்பதற்கு முன்னால் மறுத்தால் அது வெறும் தகராறு. மிஞ்சிப்போனால் வேலை போகும். கேட்ட பிறகு விட்டுப் போனால் லைசென்ஸே போகும். அதனால் ட்வைலா இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் வார்டுக்குள் நுழைவார். ஆள் அதிகம் என்றால், "இதை நான் வாங்கல." அவ்வளவுதான். அவர் மேல் அதுவரை ஒரு புகார் கிடையாது.

பிப்ரவரியில் பனிப்புயல் அடித்தது. நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பண்ணைகளிலிருந்து வர வேண்டிய ஊர் நர்ஸுகள் யாரும் வரவில்லை. திடல் பக்கத்திலேயே இருந்ததால் ட்வைலா மட்டும் வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்தே வந்து சேர்ந்தார். வார்டில் டெஸ்மண்ட் சுவரில் சாய்ந்து நின்றார். முந்தின நாள் காலை வந்தவர். மாற்ற ஆள் வராததால் பகலும் பார்த்து ராத்திரியும் பார்த்திருந்தார்.

"பத்து பேர்," என்றார் டெஸ்மண்ட். வழக்கமாக ஒருவருக்கு ஐந்துதான். "வாங்காதீங்க மிஸ் ட்வைலா. கையை வெளிய எடுக்காதீங்க."

"நான் வாங்கலன்னா நீ என்ன பண்ணுவ?"

"பாத்துப்பேன், மேடம்."

டெஸ்மண்டின் கையில் மாத்திரைக் கிண்ணம் இருந்தது.

"அது யாருக்கு?"

"ஆறாம் ரூமுக்கு."

"ஆறாம் ரூம்ல யாரு?"

டெஸ்மண்ட் யோசித்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடி யோசித்தார். "சித்த முன்னாடி இதை நாலாம் ரூம்ல குடுக்கப் போயிட்டேன். அந்தப் பாட்டியம்மாதான், இது என் மாத்திரை இல்லப்பான்னு சொல்லிச்சு."

அன்றைய பொறுப்பு நர்ஸ் கெய்லின், அவசரப் பிரிவிலிருந்து ஓடிவந்தாள். அங்கே பனியில் கவிழ்ந்த லாரியிலிருந்து எடுத்து வந்த இருவர் கிடந்தார்கள். இருந்த ஒரே டாக்டரும் அங்கேதான்.

"ட்வைலா, கண்ணு, வாங்கிக்கோ. நான் நடுவுல நடுவுல ஓடிவந்து பாத்துக்கறேன்."

"நீ வர மாட்ட, கெய்லின்."

"வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கெய்லின் திரும்பி ஓடினாள்.

ட்வைலாவுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும். மறுத்தால் லைசென்ஸில் கறை படாது. பத்துப் பேரும் ஆறாம் அறையில் யார் என்று தெரியாத ஒரு மனிதரின் கையில். வாங்கினால் பத்துப் பேரும் ட்வைலாவின் தலையில். இப்படிப்பட்ட காலைகளுக்காகவே அவர் அந்த விதியை வைத்திருந்தார். மற்ற எல்லாக் காலைகளிலும் அதைக் கடைப்பிடித்தும் இருந்தார்.

கைகளை வெளியே எடுத்தார். "சொல்லு. பேரைச் சொல்லு மொதல்ல."

சொல்லி முடித்ததும் டெஸ்மண்ட் காத்திருப்பு அறை சோபாவில் போய் விழுந்தார்.

எட்டாம் அறையில் ஹெர்ஷல் ஓட்டே. தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடுப்பெலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாள்.

"ஏம்மா, நீயும் வெளியூருதானா? எங்க ஊர் நர்ஸுங்கல்லாம் எங்கதான் போனாங்க?"

"வெளியூர்ல நர்ஸா இருக்காங்க, ஓட்டே ஐயா."

கிழவர் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று திட்டினார்.

மத்தியானம் இரண்டாம் அறையில் ஒரு பெண் ரத்தமாக வாந்தி எடுத்தாள். ட்வைலா அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சொட்டுமருந்தின் வேகத்தைக் கூட்டி, டாக்டருக்குக் குரல் கொடுத்தார். அப்போது எட்டாம் அறை மணி அடித்தது. டெஸ்மண்டைக் கூப்பிட்டார், இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மணி விடாமல் அடித்தது. கையை எடுத்தால் இந்தப் பெண்ணுக்கு மூச்சுக்குழலில் ரத்தம் இறங்கிவிடும். பிறகு மணி நின்றது. மணி நின்றது நல்ல செய்தி அல்ல என்று ட்வைலாவுக்குத் தெரியும். டாக்டர் வரும்வரை அவர் பிடித்த பிடியை விடவில்லை.

எட்டாம் அறையில் ஓட்டே கட்டிலுக்கு வெளியே பாதி சரிந்து கிடந்தார். நெஞ்சை அழுத்தினார்கள். கெய்லின் இந்த முறை வந்தாள். மாற்றி மாற்றி அழுத்தினார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது என்று டாக்டர் பிறகு சொன்னார். உடனே போயிருந்தால் பிழைத்திருப்பாரா? இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்பது கொடுமையான சொல். இல்லை என்றிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

"என்னை எழுப்பியிருக்கலாமே, மிஸ் ட்வைலா," என்று சாயங்காலம் கண் விழித்த டெஸ்மண்ட் கேட்டார்.

"கூப்பிட்டேன்."

"கேக்கலையே."

"தெரியும்."

அந்த வாரக் கடைசிக்குள் ஒப்பந்தம் ரத்தானது. நர்ஸுகளுக்கு லைசென்ஸ் தரும் வாரியம் விசாரணை வைத்தது. டெஸ்மண்ட் நடந்ததை நடந்தபடி சொன்னார். வாரியத் தலைவர் மரியாதையான மனிதர். அவரும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர்.

"பத்து பேரைப் பாக்குறது ஆபத்துன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மறுக்கலாம்னு தெரியுமா?"

"எனக்கா? நல்லாத் தெரியும்."

பக்கத்திலிருந்த ட்வைலாவின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"பின்ன ஏன் ஏத்துக்கிட்டீங்க?"

"ஆறாம் ரூம்ல யாருன்னு டெஸ்மண்டுக்குத் தெரியல."

"அது மிஸ்டர் ஓக்ஸோட பொறுப்பு இல்லையா?"

"ஆமாங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா, ஓட்டே செத்ததுகூட டெஸ்மண்டோட பொறுப்பாத்தான் இருந்திருக்கும்."

தலைவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், எழுத வேண்டியதை எழுதினார். பத்துப் பேரை ஒருவரிடம் விட்ட நிர்வாகத்தை விசாரிக்க அந்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. அது நர்ஸுகளை விசாரிக்கும் வாரியம். பாதுகாப்பற்றது என்று அறிந்தே பொறுப்பைத் தானாக முன்வந்து ஏற்றார் என்பது தீர்ப்பு. அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. லைசென்ஸை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒரே லைசென்ஸை வைத்துத்தான் அவர் பல மாநிலங்களில் வேலை பார்த்துவந்தார். அதனால் எல்லாக் கதவும் ஒரே நாளில் மூடியது.

அன்று ட்வைலா பிராண்ட்வோல்ட் பத்து நோயாளிகளை ஏற்றுக்கொண்டார். பத்துப் பேருக்கும் சரியான மருந்தைக் கொடுத்தார். ஒரு பெண் ரத்தத்தில் மூச்சு முட்டிச் சாகாமல் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஹெர்ஷல் ஓட்டே தனியாக இறந்தார். ட்வைலா அவர் உடம்பைத் துடைத்து, அவருடைய தங்கைக்குப் போன் செய்து சொன்னார். சாலை திறந்து மாற்று நர்ஸ் வந்ததும், ஒன்பது பேரை ஒப்படைத்துவிட்டுப் போனார்.