அம்மாயி நிறுத்திய ஃபேன்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை எங்கள் தெருவில் ஒரு சாவு. ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அதே வரிசையில், நான்கு வீடு தள்ளி. ஓய்வு பெற்ற ஆசிரியர். செய்தி வந்த பத்தாவது நிமிடம் போனேன். ஹாலில் கிடத்தியிருந்தார்கள். நேர் மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் முதலில் செய்த காரியம், அதை நிறுத்தியதுதான்.

அழுதுகொண்டிருந்த மருமகள்கூட நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கிற வெயிலில் துக்கம் கேட்க வந்தவள் ஃபேனை நிறுத்தினால் என்ன நினைப்பார்கள்?

"ஏன் ஆன்ட்டி?" என்றார் ஆசிரியரின் மகன்.

அவரிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஃபேன் காற்றில் இறந்தவரின் கண் காய்ந்துவிடும். காய்ந்த கண் இன்னொருவருக்கு உதவாது. ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்க வேண்டும். கண் வங்கிக்கு போன் செய்தால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள். எல்லாம் ஆறு மணி நேரத்துக்குள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் என் அம்மாயி. அம்மாவைப் பெற்றவள்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். ஒரு கண் சிறு வயதிலேயே அம்மையில் போனது. இன்னொன்றில் பட்டறை இரும்புத் துணுக்கு தெறித்தது. இரண்டு வருடம் இருட்டு. அம்மாயி ஐந்து பிள்ளைகளையும் காட்டு வெள்ளாமையையும் பார்த்துக்கொண்டு, அவரையும் கைப்பிடித்து நடத்தினாள். அப்புறம் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில், இறந்துபோன யாரோ ஒருவரின் கருவிழியை அவருக்கு வைத்தார்கள். பார்வை வந்தது.

"யாரோட கண்ணுங்க இது?" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறாள் அம்மாயி.

"அதெல்லாம் சொல்லக்கூடாதும்மா."

"அப்ப நான் யாரு ஊட்டுக்குப் போயி நீங்க நல்லா இருக்கோணும்னு சொல்றது?"

கையில் நான்கு பாட்டில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அம்மாயிக்கு எழுத்து தெரியாது. பாட்டில் கழுத்தில் நான்கு நிறத்தில் நூல் கட்டி வைத்துக்கொண்டாள். ஒரு நாள் நூல் அவிழ்ந்து, மருந்து மாறி, அப்புச்சியின் கண் ஒரு வாரம் சிவந்து கிடந்தது. அந்த வாரமே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடந்த சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. எழுத்துக் கூட்டி அவள் முதலில் படித்தது, மருந்துக் கடைக்காரர் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டு — 'தினம் நான்கு வேளை'.

இரண்டாவதாகப் படித்தது கண் தானத் துண்டுப் பிரசுரம்.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அம்மாயி போவாள். முதலில் ஃபேன் நிற்கும். அப்புறம்தான் அழுகை. அழுது முடித்து, வீட்டு ஆட்களை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசுவாள். சில வீட்டில் திட்டுவார்கள். சில வீட்டில் சரி என்பார்கள். சரி என்றதும் இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நம்பர் எழுதிய அட்டை வெளியே வரும். அவளே போன் செய்வாள். முப்பத்தேழு வீடுகள். அவள் சொல்லச் சொல்ல நான் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன்.

ஊரில் சும்மா இருப்பார்களா? கழுகாத்தா என்று பேர் வைத்தார்கள். மளிகைக் கடைக்காரரிடம் "ஒடம்பு எப்படி இருக்குது சாமி?" என்று இவள் கேட்டால், அவர் அவசரமாக, "கல்லாட்டம் இருக்கறனுங்க ஆத்தா, நீங்க வேற ஊட்டப் பாருங்க" என்பார். கடையே சிரிக்கும். அம்மாயியும் சிரிப்பாள். "கழுகுன்னாலும் ஆறு மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் ஆச்சு."

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள். "நீ நிமிசம் மொதக்கொண்டு எழுதி வெக்கிறவ. எனக்கு நீதான் போன் போடோணும். உங்க மாமன் அழுதுக்கிட்டு உக்காந்துக்குவான்."

"சரிங்க அம்மாயி."

"எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். டைரியில் இருக்கிறது.

அடுத்து வந்த சித்திரையில் அம்மாயி படுத்தாள். நான் நான்கு நாள் முன்பே போய்விட்டேன். ஒரு வியாழக்கிழமை காலை 7.40-க்கு மூச்சு நின்றது. மாமா அவள் சொன்னது போலவே அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டார். யாராவது ஒருத்தர் நிதானமாக இருக்க வேண்டுமே... நான் இருந்தேன். பட்டியல் போட்டேன். பந்தல், நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி, பேனர், மாலை, குடிநீர் கேன், அம்மாயியின் பிறந்த வீட்டாருக்குத் தகவல். அவர்கள் கோடித் துணியோடு வந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பதால், அவர்களைக் கூட்டிவர ஒரு வேன். இருபத்திரண்டு வேலைகள். ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். ஒன்றுகூட விடவில்லை.

இரண்டே காலுக்குப் பக்கத்துத் தெரு ராமாயியம்மா வந்தார். கணவர் இறந்தபோது அவர் கண்ணை அம்மாயி கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். பெட்டிக் கண்ணாடி வழியாக முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏஞ் சாமி, கண்ணெடுக்கறவங்க வந்துட்டுப் போயிட்டாங்களா?"

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார்.

"நீ காலையிலயே பண்ணியிருப்பீன்னு நெனச்சேன்..." என்றார் மாமா.

சுருக்குப் பையைத் தேடி எடுத்து, அட்டையைப் பார்த்து போன் செய்தேன். மணி 2.20. எதிர்முனையில் ஒரு பெண், பொறுமையாகப் பேசினார்.

"எப்ப இறந்தாங்க?"

"7.40." ஊர்ப் பெயரையும் சொன்னேன்.

"ஆறு மணி நேரம் தாண்டிருச்சுங்களே மேடம். இனிமே எடுக்க முடியாதுங்க." உடனே அவரே கேட்டார், "உங்க ஊர்ப் பாட்டிம்மா நம்பர் எங்ககிட்ட இருக்குதுங்க. யாரு ஊட்லயாவது எறந்துட்டா அவங்கதான கூப்பிடுவாங்க... அவங்க இல்லீங்களா?"

"அவங்கதாங்க இறந்தது."

போனை வைத்துவிட்டு அட்டையைத் திரும்பவும் சுருக்குப் பைக்குள் போட்டேன்.

பந்தலில் அப்போது இருநூறு பேராவது இருந்திருப்பார்கள். பாதிப் பேருக்கு ஃபேனும் பஞ்சும் ஆறு மணி நேரமும் தெரியும். ஒருவரும் போன் செய்யவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஊரில் சாவு விழுந்தால் அம்மாயிதான் போன் செய்வாள். அந்தப் பழக்கத்திலேயே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொது வேலையை ஒரே ஆள் வருடக்கணக்கில் பார்த்தால் நாம் என்ன செய்கிறோம்? பாராட்டுகிறோம். பட்டப்பேர் வைக்கிறோம். கற்றுக்கொள்வதில்லை.

ஆனால் நான் கற்றுக்கொண்டவள். எழுதிக்கொண்டவள். எனக்கு அந்தச் சமாதானம் கிடையாது.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். தெருமுனை வரை போனேன். அம்மாயியின் இரண்டு கண்ணும் அவளோடு சேர்ந்து சுடுகாட்டுக்குப் போயின.

ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே? மகன் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். "சொந்தக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க ஆன்ட்டி. தப்பா நெனைக்காதீங்க." யாரோ மறுபடி ஃபேனைப் போட்டார்கள். அதன் கீழேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இப்படித் திரும்பி வரும் நாட்களில் அம்மாயி கோபப்பட மாட்டாள். "அவங்க மனசு அவங்களுக்கு. அடுத்த ஊட்டுல கேக்கறேன்" என்பாள். அப்படிச் சொல்ல அவளுக்குத் தகுதி இருந்தது.

வீட்டுக்கு வந்து, டைரியில் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 7.40 — அம்மாயி. அதற்கு அடுத்த வரி: 7.55 — ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், புழுக்கம், அம்மாயிக்கு மேலே ஃபேன் போட்டேன், ஐந்தில்.

கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது.