சொல்லாமல் கிளம்பிய காலை

சாயல்குடியில் தம்பியின் வீட்டையொட்டி, முன்பக்கம் திறந்த ஒரு தகரக் கொட்டகை. அதில்தான் அவன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். எட்டு ஆண்டுகள் துபாயில் இருந்துவிட்டு வந்து போட்ட பட்டறை. வெல்டிங் மிஷின் போனால் மறுபடியும் விமானம் ஏற வேண்டியதுதான். அவனுடைய மகள் அப்போதுதான் அவனிடம் கூச்சமில்லாமல் ஒட்டத் தொடங்கியிருந்தாள்.

பக்கத்துத் தெருவில் திருடர்கள் ஒரு கடையின் பூட்டை உடைத்த வாரத்தில் நான் அங்கே போயிருந்தேன். மறுநாள் எல்லோரும் உத்தரகோசமங்கைக்குப் போவதாக ஏற்பாடு. வெளியூர் கிளம்பினால் வாசல் வாசலாக நின்று "போயிட்டு வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போவது அந்தத் தெருவின் வழக்கம். பத்திரிகையில் இருபது ஆண்டுகள் திருட்டுச் செய்திகளைத் திருத்தியவன் நான். வீடு காலி என்று நாமே அறிவிப்பதா என்று தடுத்தேன். பைக் வாசலிலேயே நிற்கட்டும், உள்ளே ரேடியோ பாடட்டும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். விடியுமுன் என் காரில் கிளம்பினோம்.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது தம்பியின் போன் அடித்தது. எதிர்வீட்டு பாய். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏலே மாப்ள, எந்திரிச்சு வெளிய வாலே. சர்வீஸுக்குன்னு வந்த ரெண்டு பேரோட நானும் ஒரு கை பிடிச்சு மிஷினை வண்டில ஏத்தியாச்சு. இடுப்பே போச்சு. வயரையும் ஏத்தணுமா?"

தம்பி கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டினான். "மாமா, நான் வீட்டுல இல்ல. யாரையும் வரச் சொல்லல."

"உள்ள ரேடியோ பாடுதேலே!"

பிறகு கத்தல் மட்டும் கேட்டது. சாமி கும்பிடாமலே திரும்பினோம்.

பாய் வண்டிச் சாவியை உருவிக்கொண்டதும் இருவரும் சுவரேறிக் குதித்துப் பனங்காட்டுக்குள் ஓடியிருந்தார்கள். மிஷின் வண்டியிலேயே இருந்தது. பாய் அதன் பக்கத்தில் காவல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கிட்டச் சொல்லாம எங்கனலே போனே?"

"அண்ணன்தான் சொல்ல வேணாம்னாக."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பேப்பர்ல இருந்தவுகளா? ஊருக்கெல்லாம் சேதி சொல்லுவாக, எதிர்வீட்டுக்குச் சொல்லக் கூடாதாக்கும்!"

போலீஸ்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனபின் மூவரும் மிஷினை இறக்கினோம். தம்பி அதைத் துணியால் துடைத்து, வயரை மாட்டி, ஒரு துண்டுக் கம்பியைப் பற்றவைத்துப் பார்த்தான். பொறி பறந்தது. அவன் மகள் வீட்டுக்குள்ளிருந்து "அப்பா, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, இன்னொரு கம்பியை எடுத்தான்.