கோலப்பன் வளைத்த நடைவழி

சாலைக் கம்போளக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ராஜமணிக்குக் கோலப்பன் ஒரு காலத்தில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். கடப்பாரை, சம்மட்டி, உளிகள், ஒரு தள்ளுவண்டி, எல்லாம் கடனுக்கு வாங்கித்தான் கல் பாவும் தொழிலைத் தொடங்கினார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு வேறு யார் கொடுப்பார்? அடைக்க மூன்று வருஷம் பிடித்தது. அடைத்த அன்றே ஒரு முடிவெடுத்தார். இனி யாரிடமும் கடன் வாங்குவதில்லை. தன்னிடம் வேலை பார்ப்பவனுக்குச் சனிக்கிழமை சூரியன் விழுவதற்குள் கூலி கையில்.

நாற்பத்தோரு வருஷம் அது பிசகவில்லை. இதைக் கேட்டவரிடமும் சொல்வார், கேட்காதவரிடமும் சொல்வார். உள்ளதைச் சொல்ல என்ன வெட்கம்? கிழக்கேகோட்டையிலிருந்து கழக்கூட்டம் வரைக்கும் அவர் கல் பாவாத முற்றம் குறைவு.

அதனால்தான் பட்டாளக் கல்லறைத் தோட்டத்து வேலை அவரைத் தேடி வந்தது. பார்க்க வருகிறவர்கள் நடக்க ஒரு கல்வழி. வாசலில் தொடங்கி, பழைய சிப்பாய்களின் கல்லறைகளைத் தாண்டி, நம் போர்களில் விழுந்தவர்களின் பெயர் பொறித்த கறுப்புச் சுவர் வரை போக வேண்டும். இடையில் நின்று பார்க்க ஏழு மேடைகள். மொத்தத்துக்கும் ஒரே தொகை பேசியாயிற்று.

நாலாவது மேடைக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வெறும் புல்தரை. பட்டாளத்தார் தந்த வரைபடத்தில் அங்கே வழி நேர்க்கோடாகப் போனது. திறப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கே கடப்பாரையை இறக்கினார் கோலப்பன். இந்த ஊர் மண்ணுக்கடியில் வெட்டுக்கல். கடப்பாரை விழுந்தால் ‘ணங்’ என்று கையைத் திருப்பி அடிக்கும். அன்றைக்கு ‘பொத்’ என்று ஒரு சாண் இறங்கியது. இரண்டடி தள்ளிப் போட்டார், ணங். இன்னும் தள்ளிப் போட்டார், பொத். தோண்டி மூடிய மண் நூறு வருஷமானாலும் பழைய இறுக்கத்துக்கு வராது. இறங்கிய இடமெல்லாம் சுண்ணாம்பு தூவிவிட்டு எட்ட நின்று பார்த்தார். ஒன்பது நீள்சதுரங்கள், ஒரே அளவு, ஒரே வரிசை.

வேலையை மேற்பார்க்கும் இஞ்சினீயர் அதிகாரி கேப்டன் ஆர்ஷா வந்தார்.

“டிராயிங்ல இங்க ஒண்ணும் இல்லல்லோ சேட்டா. கம்ப்யூட்டர்ல செஞ்சதாக்கும்.”

“கம்ப்யூட்டர் கடப்பாரை போட்டுப் பாத்துதா மேடம்? நீங்க ஒருக்கா போட்டுப் பாருங்க.”

கேப்டன் மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் பழைய பதிவேட்டின் நகலோடு வந்தார்.

“ஒம்பது பேர். காலராவில போனவங்க. பட்டாளத்தோட வந்த வேலைக்காரங்க. சமையல் நாலு, தண்ணி சுமந்தது மூணு, குதிரைக்காரங்க ரெண்டு. பேரே எழுதல சேட்டா. கல்லும் வைக்கல.”

“அப்போ அவங்க நெஞ்சுக்கு மேல நான் வழி போட மாட்டேன்.”

“வளைச்சுப் போடலாம், பக்ஷே இருபத்திரண்டு மீட்டர் கூடும். அதுக்கான பணம் சாங்ஷனாக மூணு மாசம் பிடிக்கும். திறப்பு நாளை மாத்தவும் முடியாது.”

“பணத்தைப் பத்தி ஆரு கேட்டா மேடம்? அந்த வளைவு கோலப்பன் செலவு.”

ஆறு வேலைக்காரர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். கொத்தனார் ஜெயன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“கணக்குப் போட்டுட்டுத்தான் பேசுதீளா அண்ணாச்சி?”

“வாயால சொன்னதுக்கு அப்புறம் என்னடே கணக்கு?”

கல்லுக்கடையில்தான் கணக்குத் தெரிந்தது. ரொக்கம் கொடுத்தே கல் எடுக்கிறவர், இருந்ததையெல்லாம் அங்கே கொட்டினார். சனிக்கிழமை காலையில் மடியில் மிச்சம் பதினோராயிரம். ஆறு பேருக்கு ஆறு நாள் கூலி முப்பத்தொன்பதாயிரத்து அறுநூறு.

ஜெயனுக்கு அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. “அடுத்த வாரம் தந்தாப் போதும் அண்ணாச்சி. நாங்க என்ன ஓடியா போறோம்?”

“அந்த ஒம்பது பேருக்கும் கடைசிச் சம்பளம் கெடச்சுதான்னு ஆருக்குத் தெரியும்? என் ஆளுக்கு அந்தக் கதி வராது. நீ கல்லைப் பதி.”

நேரே வீட்டுக்குப் போனார். முற்றத்தில் கான்கிரீட் கலக்கும் மெஷின் நின்றது. புத்தம் புதிதாக, முழு ரொக்கத்துக்கு அவர் வாங்கிய முதல் மெஷின். அவர் அதைச் சுற்றி வருவதை மனைவி மங்கலம் வாசலில் நின்று பார்த்தாள்.

“வாய் சும்மா இருந்திருந்தா மெஷின் வீட்டுல இருந்திருக்கும்.”

“மெஷின் போனா இன்னொண்ணு வாங்கலாம். சொன்ன சொல்லு போனா...”

“முப்பத்தெட்டு வருஷமா கேட்டாச்சு. வித்துருங்க. மேல கெடக்க டார்ப்பாய்க்கும் சேத்து வெலை பேசுங்க, சும்மா தூக்கிக் குடுத்திராண்டாம்.”

வாங்க வந்த காண்டிராக்டர் வினீத் முப்பதாயிரத்தில் தொடங்கினான். அவசரத்தை மோப்பம் பிடித்துவிட்டான். கோலப்பன் மெஷினை ஓடவிட்டார். அது உறுமிய உறுமலுக்கு வினீத் முப்பத்தெட்டுக்கு ஏறினான். டார்ப்பாய்க்குத் தனியாக ஐந்நூறு. நோட்டுக் கட்டை மடியில் செருகிக்கொண்டு, மெஷினைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார்.

தோட்டத்துக்கு வந்து சேரும்போது மணி ஐந்தேகால். வளைவில் கடைசிக் கல் பதிந்திருந்தது. ஒன்பது சுண்ணாம்புச் சதுரங்களையும் தொடாமல், அவற்றுக்கு முன்னால் மரியாதையாக ஒதுங்கிப் போனது வழி. கேப்டன் ஆர்ஷா அதன்மேல் மெதுவாக நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“இங்கயும் ஒரு மேடை வேணும் சேட்டா. எட்டாவது. பலகை நான் எழுதிக்கறேன்.”

“எழுதுங்க மேடம். அவங்க வேலையையாவது எழுதுங்க. வளைவு நேரா வந்திருக்கான்னு மட்டும் கேக்காண்டாம், கோலப்பன் போட்டது.”

கேப்டன் சிரித்துவிட்டார். கறுப்புச் சுவரின் உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. கோலப்பன் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார்.

“வரிசையா வாங்கடே.”

குழாயடியில் சிமெண்டைக் கழுவிவிட்டு முதலில் வந்தது ஜெயன். ஈரத்தை வேட்டியில் துடைத்துக் கையை விரித்தான். கோலப்பன் விரலால் எச்சில் தொட்டு, சத்தமாக எண்ணிக்கொண்டே வைத்தார். பதின்மூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டு, அதற்குமேல் ஒரு நூறு.