முழங்கால் என்று எழுதச் சொன்னவள்

நாயுடுபுரத்தில் முருகேஸ்வரியின் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தால், "பாவம், பட்டாளத்துல முட்டி போயிருச்சு" என்பார்கள். ஊரை அப்படிச் சொல்ல வைத்தவள் அவள்தான்.

மகேந்திரன் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். வடக்கே பனி மலையில் வண்டி உருண்டு தலையில் அடி. காயம் ஆறிவிட்டது. ஆனால் கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பார். காற்றில் கதவு படாரென்று அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். சில நாள், பெற்ற மகள் சுபஸ்ரீயையே "யாரு பாப்பா நீ?" என்று கேட்பார்.

பெருமாள்மலையில் முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு சிகிச்சை மையம் திறந்தார்கள். அரசாங்கப் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. மாதம் இரண்டு சனிக்கிழமை மதுரையிலிருந்து நரம்பு டாக்டரும் மனநல டாக்டரும் வருவார்கள். முதல் நாள், பதிவேட்டைத் திறந்த குமாஸ்தா விக்னேஷிடம் முருகேஸ்வரி குனிந்து சொன்னாள்.

"தம்பி, தலைன்னு எழுதாதீங்க. வீட்டுல பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிது. முழங்கால் வலின்னு போடுங்க."

"டாக்டர் பாக்கப்போறது தலையத்தானக்கா?"

"பாக்குறது பாக்கட்டும். எழுதுறது முழங்காலா இருக்கட்டும்."

விக்னேஷ் வராந்தாவில் நின்று பேரையும் நோயையும் சேர்த்துத்தான் கூப்பிடுவான். அதுதான் அவளுக்குப் பயம். லாட்ஜில் அறை கூட்டும் அவள், முதலாளியிடம் சம்பளம் கேட்கக்கூட வாய் வராதவள். இந்த யோசனையை மட்டும் அங்கு வந்த ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். சுந்தராம்பாள் புருஷனுக்கு இடுப்பு. தாண்டிக்குடிக்காரருக்குத் தோள்பட்டை. மொத்தம் பதினோரு பேர், தலை என்று ஒருவருக்கும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, டாக்டர்கள் வரும் ஒரு சனிக்கிழமை காலை, தணிக்கைக்கு ஒரு பெண் அதிகாரி வந்தார். டாக்டர் எழுதும் குறிப்பு ரகசியம், அதை அவரும் கேட்க முடியாது. பதிவேட்டைத்தான் புரட்டினார்.

"தலைக்காயத்துக்கும் மனநலத்துக்கும்னு வாங்கின பணம். இங்க முட்டியும் இடுப்புமாத்தான் கெடக்கு. இதை நிறுத்தச் சொல்லித்தான் நான் எழுத முடியும்."

விக்னேஷின் முகம் வெளுத்தது. அவன் முருகேஸ்வரியைப் பார்த்தான். இந்த ஆறு மாதமாகத்தான் மகேந்திரன் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். டாக்டர்கள் வராவிட்டால் அதுவும் போய்விடும்.

அதிகாரி, வராந்தாவில் காத்திருந்த மகேந்திரனிடம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கு என்ன செய்யுது?"

அவர் விறைப்பாக எழுந்து நின்றார். பிறகு குனிந்து பேண்ட்டைச் சுருட்டினார்.

"முட்டி மேடம். ரெண்டு வருஷமா. டாக்டர் நல்லாத்தான் பாக்குறாரு."

முருகேஸ்வரிக்கு உடம்பெல்லாம் கூசியது. 'மகேந்திரன், முழங்கால்' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மனுஷன் நம்பியே விட்டாரே! ஊரை ஏய்க்கச் சொன்ன பொய்யில் அவரையும் ஏய்த்திருக்கிறாள்.

அவள் எழுந்தாள். சுந்தராம்பாள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏடி, உக்காரு. எம் மகனுக்கு இப்பத்தான் பொண்ணு முடிவாயிருக்கு. தெருவுல இழுத்து விட்றாத."

"அவருக்கு முட்டியில ஒண்ணுமில்லைங்க மேடம். தலையிலதான். நான்தான் மாத்தி எழுதச் சொன்னேன். இந்தத் தம்பி மேல குத்தம் இல்ல."

"எழுதிக் கொடுங்க."

ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. அதிகாரி வாங்கிப் படித்தார்.

"பதினோரு பேருல இது ஒண்ணு. மத்தவங்களும் பத்து நாளுக்குள்ள எழுதிக் கொடுத்தா நிறுத்தச் சொல்ல மாட்டேன்."

வராந்தாவில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

மறுநாள் வெள்ளனே முருகேஸ்வரி கிளம்பினாள். அவரைத் தனியே விட முடியாது, கூடவே கூட்டிப்போனாள். முதலில் தாண்டிக்குடி. ஜீப்பை விட்டு இறங்கி, வாசலில் நின்று, "எங்க வீட்டுக்காரருக்கு மூளையில அடிங்க. வெக்கப்பட்டு மறைச்சேன். உங்களையும் மறைக்கச் சொன்னேன்" என்றாள்.

பக்கத்தில் நின்ற மகேந்திரன் திடுக்கிட்டுத் திரும்பினார். "எனக்கா?"

"ஆமாங்க."

அவர் தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த ஊர் போய்ச் சேருவதற்குள் மறந்துவிட்டார். அங்கும் அவள் அதையே சொன்னாள். அங்கும் அவர் புதிதாகக் கேட்பதுபோல் திடுக்கிட்டார். "எனக்கா?"

எட்டுப் பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியாகச் சுந்தராம்பாள் வீடு. உள்ளே டிவி ஓடியது, கதவு திறக்கவில்லை. எட்டுக் கடிதம் போதுமோ போதாதோ, முருகேஸ்வரிக்குத் தெரியவில்லை. மூடிய கதவைப் பார்த்தே ஒருமுறை முழுதாகச் சொன்னாள். மகேந்திரன் மெல்ல அவள் கையைத் தொட்டார்.

"எனக்கா ஈஸ்வரி? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

ஒன்பது வாசலில் கேட்காத கேள்வி. டிவி சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் யாரோ கேட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.