மச்சான் வீட்டு அவுட்டோர்

போன வாரம் கம்பம் ஊரில் என் மச்சான் வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட், பக்கவாட்டுச் சுவரிலிருந்து மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தது. கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். மச்சான் கீழே நின்று உத்தரவு போட, தெருவே வேடிக்கை பார்த்தது. கோயிலுக்குக் கலசம் ஏற்றும்போது கூட இத்தனை பயபக்தியை நான் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

நல்ல இடத்தில் இருந்ததை ஏன் இடம் மாற்ற வேண்டும் என்கிறீர்களா? அது நல்ல இடமா இல்லையா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மச்சான் என்றால் என் அக்கா சாந்தியின் கணவர் செல்வராசு. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம், கம்பத்தில் சொந்த வீடு. மிகவும் நல்ல மனிதர் – யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது.

போன கார்த்திகையில் ஏசி வாங்குகிறேன் என்று கிளம்பினார். கடைக்கார இளைஞர் ஒரே கேள்விதான் கேட்டாராம். "சார், உங்களுக்கு வெறும் கூலிங் போதுமா, இல்ல ஹாட் அண்ட் கோல்டா?" இரண்டு இருக்கும்போது ஒன்று போதும் என்று சொல்கிற பழக்கம் மச்சானுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. கம்பத்தில் எதற்கு ஹீட்டர் என்று அக்கா கேட்டிருக்கிறாள். "மார்கழின்னு ஒண்ணு வருதுல்ல" என்று பதில் வந்திருக்கிறது.

மார்கழி வந்தது. விடியற்காலையில் பனியன் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்துபோகிற குளிர். மச்சான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ரிமோட்டில் சூரியன் படம் போட்ட பட்டனை அமுக்கினார். எனக்குப் போனும் போட்டார்.

"மாப்ள, மூணாறுல இருக்கவனெல்லாம் கம்பளியப் போத்திக்கிட்டுக் கெடக்கான். நான் இங்கன பட்டன அமுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

இங்கே ஏசியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறைக்குள் இருக்கிற சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஹீட்டர் மோடில் போட்டால் தலைகீழ் – வெளியே இருக்கிற சூட்டை உள்ளே அள்ளிக்கொண்டு, குளிரை வெளியே ஊதுகிறது. ஆக, வீட்டுக்காரருக்கு எது வேண்டாமோ அது அவுட்டோர் வழியாக வெளியே போய்விடும். சரி... வெளியே என்றால் எங்கே?

மச்சான் வீட்டைப் பொறுத்தவரை, மும்தாஜ் டீச்சர் வீட்டு ஜன்னலுக்கு.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு ஆள் நேராக நடக்கலாம். எதிரே இன்னொருவர் வந்தால் இருவரும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தில், டீச்சரின் பக்க அறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவுட்டோரை மாட்டியிருந்தார் மச்சான். மாட்ட வந்த மெக்கானிக், "எதுத்தாப்புல செவுரு இருக்கே சார், காத்து முட்டுமே" என்றாராம். "முட்டுனா அந்தச் செவுத்துக்குத்தான வலிக்கும்" என்றாராம் மச்சான். மெக்கானிக்கும் சிரித்துவிட்டு ஸ்க்ரூவை முடுக்கிவிட்டார். அவருக்கு அடுத்து சின்னமனூரில் வேலை.

ஆக, மார்கழி முழுக்க டீச்சர் வீட்டு ஜன்னலில் குளிர்காற்று. போதாததற்கு அவுட்டோரிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு. சந்து முழுக்க நசநசவென்று ஈரம். டீச்சர் ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"அண்ணே, அந்த மிஷினக் கொஞ்சம் திருப்பி வைக்க முடியுமாண்ணே? சில்லுனு அடிக்கிது."

மச்சான் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: "டீச்சர், காத்துக்குப் பட்டாவா போட முடியும்? அது பாட்டுக்குப் போகும், அது பாட்டுக்கு வரும்."

டீச்சரும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியை. இதைவிடப் பெரிய பதில்களையெல்லாம் ஒன்றாம் வகுப்பில் தினமும் கேட்கிறவர்.

மாசியில் பராமரிப்புப் படலம். அவுட்டோரைக் கழுவ வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆள் வைத்துக் கழுவினால் மச்சானுக்குக் கௌரவம் என்ன ஆவது? திராட்சைப் பந்தலுக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கொடியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அடிக்கிற மயில்துத்தக் கரைசல் அதன் அடியில் மிச்சம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பீய்ச்சிய வேகத்தில் அவுட்டோரின் பின்பக்கம் வரிசையாக நிற்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துவிட்டன. காற்றுப் போக வழியில்லை. டீச்சர் வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சேலை நீலப்புள்ளிச் சேலையானது. மெக்கானிக் வந்து சீப்பு மாதிரி ஒரு கருவியால் தகடுகளை நிமிர்த்தினார். சேலையை நிமிர்த்த யாரும் வரவில்லை.

அக்காதான் போய் மன்னிப்புக் கேட்டாள். அப்போதுதான் டீச்சர் அவளிடம் இன்னொரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். மகள் நசீமா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். அந்தப் பக்க அறையைத்தான் அவளுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். கோடையில் அங்கே அனல் அடித்தால் பச்சைப்பிள்ளையை எங்கே படுக்கவைப்பது?

அக்கா வந்து மச்சானிடம் சொன்னாள். மச்சான் உடனே சட்டம் பேசினார்.

"கம்பெனி ஆளு மாட்டுன எடம். மாத்துனா வாரண்டி போயிரும்."

"பக்கத்து வீட்டு ஒறவு போனா பரவால்லயா?"

"அதுக்கெல்லாம் வாரண்டி குடுத்தா வாங்குனோம்?"

இதை அக்கா என்னிடம் போனில் சொல்லிவிட்டு, "ஏலே, உன் மச்சானுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு" என்றாள். நான் சொன்னேன். எனக்கும் காற்றுக்குப் பட்டா கிடையாது என்கிற விளக்கமே கிடைத்தது.

சித்திரையில் நசீமாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இந்த வருடச் சித்திரை எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் மச்சான் வீட்டில் ஏசி ஓடியது. மின்சாரம் போய்விட்டுத் திரும்பி வந்ததும், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் இன்னும் கூடுதலாக ஓடியது.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் கம்பம் போயிருந்தேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா, "டீச்சர் வீட்டுல பிள்ளை பாக்கப் போகணும். எல்லாரும் வாங்க" என்றாள். மச்சானும் புதுச்சட்டை போட்டுக்கொண்டார். குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருந்தார். இந்த மாதிரி விஷயங்களில் அவர் குறை வைக்க மாட்டார்.

கிளம்பும்போது அக்கா ஏசியை நிறுத்தப் போனாள்.

"ஓடட்டும் விடு. அஞ்சு நிமிசத்துல வந்துருவோம். வரும்போது ரூம் சில்லுனு இருக்கணும்ல."

டீச்சர் வாசல்வரை வந்து வரவேற்றார். ஹாலில் பாய் விரித்துத் தாயும் பிள்ளையும் படுத்திருந்தார்கள். பேறுகாலப் பெண் படுத்திருக்கிற இடத்தில் ஆண்கள் உட்கார முடியாது இல்லையா? "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் இந்த ரூம்ல ஒக்காருங்க. பிள்ளைய எடுத்துட்டு வாறேன்" என்று பக்க அறையைக் காட்டினார்.

மகளுக்கென்று ஒதுக்கிய அறை. வெள்ளையடித்து, கட்டில் போட்டு, தொட்டிலுக்குக் கொக்கி கூட மாட்டியிருந்தார்கள். தொட்டில்தான் இல்லை.

உள்ளே நுழைந்ததுமே புரிந்துவிட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. மேலே ஃபேன் சுற்றியது, இருக்கிற புழுக்கத்தையே திரும்பத் திரும்பத் தலையில் கொட்டியது. மச்சான் கட்டிலில் உட்கார்ந்தார். புதுச்சட்டை முதுகில் ஒட்டியது. கர்ச்சீப் வெளியே வந்தது.

டீச்சர் குழந்தையைக் கொண்டுவந்தார். ரோஜா நிறம். கழுத்து மடிப்பிலும் நெற்றியிலும் பொடிப்பொடியாக வேர்க்குரு. மச்சானுக்குச் சின்னப்பிள்ளைகள் என்றால் உயிர். சொந்த மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு கை நிறையத் தூக்கிக்கொள்ளப் பிள்ளை இல்லாத வீடு அவருடையது. இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். அப்படிக் குழைந்த முகத்தோடு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஆத்தா... எங்க ஆத்தா... தாத்தாவப் பாரு" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

பிள்ளை முகத்தைச் சுளித்தது. உடம்பு முறுக்கியது. பிறகு வீறிட்டு அழுதது. மச்சான் மடியில் போட்டு ஆட்டிப் பார்த்தார், தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தார். அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை. டீச்சர் மெதுவாகக் கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

"உங்களப் பாத்து இல்லண்ணே. பிள்ளைக்கு இந்த ரூம் ஆக மாட்டேங்குது. உள்ள வந்தாலே அழுகுது."

குற்றம் சொல்கிற தொனி கொஞ்சம் கூட இல்லை. பிள்ளைக்கு இந்த ஊர்த் தண்ணீர் சேரவில்லை என்பது போல ஒரு தகவலாகச் சொன்னார். ஹாலுக்குத் தூக்கிப் போனதும் அழுகை நின்றது. நாங்கள் இருவரும் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மச்சானின் கை இரண்டும் பிள்ளையை வைத்திருந்த மாதிரியே கொஞ்ச நேரம் மடியில் கிடந்தன.

அக்கா எங்களுக்குக் கிண்ணங்களோடு உள்ளே வந்தாள். சேமியா பாயசம். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்றியது – ஆவி பறந்தது. பிள்ளை பார்க்க வந்த வீட்டில் இனிப்பை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மச்சான் ஒரு வாய் வைத்தார். நெற்றியிலிருந்து வியர்வை கிண்ணத்துக்குள் விழப்பார்த்தது.

"அந்த ஜன்னலையாவது தெறந்து விடப்பா" என்றார் என்னிடம்.

திறந்தேன். ஈரமில்லாத, எண்ணெய் வாடை கலந்த அனல், முகத்தில் அறைகிற மாதிரி உள்ளே வந்தது. கூடவே கடகடவென்று ஒரு சத்தம். மச்சான் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"என்னப்பா இது... எங்கிட்டுருந்து வருது இந்தக் காத்து?"

அக்கா என் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னாள்.

"நம்ம வீட்டுக் காத்துதாங்க. அது பாட்டுக்கு வருது."

மச்சான் எழுந்து போய் ஜன்னலை அவரே சாத்தினார். பாயசத்தை முழுக்கக் குடித்து முடித்தார். டீச்சர் வந்து இன்னும் கொஞ்சம் என்றபோது அதையும் வாங்கிக் குடித்தார். நான் பக்கத்தில் இருந்ததால் சொல்கிறேன், அது சாப்பிட்டது மாதிரி இல்லை, அபராதம் கட்டினது மாதிரி இருந்தது. திரும்பிப் போகும்போது சந்துப் பக்கம் பார்க்காமல் நடந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக ஏசியை நிறுத்தினார். அன்றைக்கு மீதிப் பொழுது முழுக்க அது ஓடவில்லை.

மறுநாளே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

என்ன சொல்லிக் கூப்பிட்டார் தெரியுமா? தப்புச் செய்துவிட்டேன் என்றா? மச்சானா? "தம்பி, மிஷினுக்கு மூச்சு முட்டுது. எதுத்த செவுத்துல பட்டுச் சூடு திரும்ப உள்ளயே வருது. இப்படியே விட்டா கம்ப்ரஸர் போயிரும். மொட்டைமாடிக்கு ஏத்திரணும்." வாரண்டி என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை.

நம் ஊரில் இப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஒரு ஆணியைக் கூடப் பிடுங்க மாட்டோம். மெஷினுக்கு உடம்பு சரியில்லை என்றால் சுவரையே இடிப்போம். நம் வீட்டுக் குப்பை தெருமுனை தாண்டினால் சுத்தம். நம் ஜெனரேட்டர் புகை மதில் தாண்டினால் வெறும் காற்று. நமக்கு வேண்டாததை அடுத்தவர் ஜன்னல் பக்கம் தள்ளிவிடுவதற்கு ஒரு மெஷினே தேவையில்லை. மெஷின் வந்தது வேலையைக் கொஞ்சம் சுலபமாக்கியது, அவ்வளவுதான்.

யூனிட்டை ஏற்றுகிற நாளில் நான் மறுபடியும் கம்பம் போயிருந்தேன். இடமாற்றம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் மச்சான் பேசியது என் காதில் விழுந்தது. "டீச்சர் வீட்டுல பச்சப்பிள்ள இருக்குல்ல. பாவம், அதான் மேல ஏத்திட்டேன். நமக்குக் கொஞ்சம் செலவுதான்... என்ன பண்றது." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். இந்தப் பக்கம் இவரைப் போல ஒரு மனிதர் உண்டா என்றார் ஒருவர்.

நான் டீச்சரிடம் போய்க் கேட்டேன். "இத்தனை நாளா ஒரு வார்த்தை சத்தம் போட்டிருந்தா முன்னாடியே நடந்திருக்குமே டீச்சர்?"

டீச்சர் கொக்கியில் தொட்டிலைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"சத்தம் போட்டா அவுக வீம்புக்குன்னே அங்கனயே வச்சிருப்பாக தம்பி. சாந்திக்கும் என் மொகத்தப் பாக்க முடியாமப் போயிருக்கும். இப்ப பாருங்க, அவுகளா மாத்துனதா இருக்கட்டும். பிள்ள தூங்குதுல்ல."

பிள்ளை தூங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஊருக்குக் கிளம்புமுன் மச்சான் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய் அவுட்டோரைக் காட்டினார். நல்ல வெளி. எதிரே சுவர் இல்லை, காற்று தாராளமாகப் போகிறது. "இனி யாருக்கும் தொந்தரவில்ல மாப்ள" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். பின்வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு மாடி எடுக்கக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, படுக்கையறைக்கு நல்லாக் காத்து வரட்டும் என்று இந்தப் பக்கம்தான் பெரிய ஜன்னல் வைக்கப்போவதாகச் சொன்னார்.

மச்சானும் கையாட்டினார்.